பல் டாக்டரிடம் போகும்போது மாத்திரை டப்பாவையும் எடுத்துப் போங்கள்: வேர் சிகிச்சைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ஈரோட்டுப் பக்கம் ஒரு பல் மருத்துவமனையில் 14 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். நாற்காலியில் படுத்திருப்பவருக்கு இடப்பக்கம் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும், கருவிகளை ஆட்டோகிளேவில், அதாவது நீராவியில் கிருமி கொல்லும் பெட்டியில் போட்டு எடுப்பதும், அடுத்த ஆளைக் கூப்பிடுவதும் என் வேலை. வேர் சிகிச்சை என்றால் ரூட் கேனால்: பல்லைப் பிடுங்காமல், உள்ளே கெட்டுப்போன சதையை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது. அதற்கு வருகிறவர்களில் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். "அக்கா, ரொம்ப வலிக்குங்களா?" "புடுங்கி வீசிட்டா ஒரே நாள்ல முடிஞ்சுதுங்களே, எதுக்குங் மூணு தடவ வரச் சொல்றாங்க?" "கேப்பு கட்டாயம் போடோணுங்களா?"

கேப் என்பது பல்லின் மேல் மூடி மாதிரி மாட்டும் உறை. இவற்றுக்கெல்லாம் கீழே பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. பெயர் எழுதும் நோட்டை எடுத்துவைத்து, "சுகர், பிரஷர், ஹார்ட்டு, எதுக்காச்சும் மாத்திர சாப்பிடறீங்களா?" என்று நான் கேட்டால் பலருக்கு முகம் மாறிவிடும். "பல்லு வலிக்குதுன்னு வந்தா சுகரப் பத்தி எதுக்கம்மிணி கேக்கறே?" என்று ஒரு பெரியவர் சத்தமே போட்டுவிட்டார். விரல் நுனியில் குத்திப் பார்த்ததில் அவருக்குச் சர்க்கரை 380. கன்னம் வீங்கியிருந்தது. மூன்று மாதமாக மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் சர்க்கரை இறங்கவில்லை என்று கூட வந்த மகள் சொன்னார். அந்த மூன்று மாதமும் சொத்தைப் பல்லில் சீழ் இருந்ததை சர்க்கரை டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. சர்க்கரை இறங்காததைப் பல் டாக்டரிடமும் சொல்லத் தோன்றவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வலி எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள்

பல்லைத் தேங்காய் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஓடு இருக்கும் இடத்தில் எனாமல். பருப்பு இருக்கும் இடத்தில் டென்டின். தண்ணீர் இருக்கும் இடத்தில் நரம்பும் ரத்தக் குழாயும் பின்னிய மெல்லிய சதை, அதற்குப் பற்கூழ் என்று பெயர். இந்தச் சதை வேருக்குள் நூல் போன்ற கால்வாய்களில் இறங்கி, வேர் நுனியில் தாடை எலும்பின் ரத்த ஓட்டத்தோடு சேர்கிறது. முன்பல்லில் பெரும்பாலும் ஒரே கால்வாய். கீழ்க் கடவாய்ப்பல்லில் 3, சிலருக்கு 4. மேல் முதல் கடவாய்ப்பல்லில் நான்காவதாக ஒன்று ஒளிந்திருப்பது சாதாரணம். பல்லுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற வழி இந்தக் கால்வாய்தான்.

சில்லென்று தண்ணீர் குடித்தால் சுருக்கென்று கூசி, உடனே போய்விடுகிறதா? பெரும்பாலும் அடைத்தாலே போதும். கூச்சம் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கிறது, சூடான காப்பி பட்டால் துடிக்கிறது, படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கிறது, எந்தப் பல் என்றே காட்ட முடியவில்லை என்றால் பற்கூழ் கெட்டுவிட்டது. காலில் அடிபட்டால் வீங்க இடம் உண்டு. பல்லுக்குள் வீங்க இடமே இல்லை, நாலு பக்கமும் கல் மாதிரி சுவர். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடும், அதனால்தான் ராத்திரி வலி உயிரை எடுக்கிறது.

அப்புறம் ஒரு நாள் வலி நின்றுவிடும். இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிற ஒருவர், இரண்டு மாதம் தூக்கமில்லாமல் கிடந்து, வலி தானாகப் போனதும் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டார். எட்டு மாதம் கழித்து, காலையில் எழுந்தால் ஒரு கண் திறக்கவில்லை. கன்னம் அவ்வளவு வீக்கம். வலி நின்றபோது அவர் பல்லின் நரம்பு செத்துப்போயிருந்தது. செத்த சதையில் கிருமி குடியேறி, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சத்தமில்லாமல் எலும்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. ஈறில் கடுகளவு கொப்புளம் வந்து, அமுக்கினால் உப்புக் கரிக்கிற மாதிரி சீழ் வந்தால், வலி துளியும் இல்லாவிட்டாலும் அதே கதைதான்.

இடையில் ஒரு சின்னச் செய்தி. சேலம், தர்மபுரிப் பக்கத்திலும் நம் மேட்டுப்பகுதி ஊர்கள் சிலவற்றிலும் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புத் திட்டு இருக்கும். அது சொத்தை அல்ல. ஆனால் "எனக்குச் சின்ன வயசிலிருந்தே இப்படித்தானுங்க" என்று சொல்லிக்கொண்டே, திட்டுக்கு நடுவே விழுந்த நிஜமான குழியைக் கவனிக்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டாக்டரைப் பார்க்கும் வரை

மெடிக்கலில் போய் "பல்லு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். கத்தரித்த அட்டையில் பெயரே தெரியாமல் நாலு மாத்திரை வரும். அதில் ஸ்டீராய்டு இருப்பதும் உண்டு, அது சர்க்கரையை ஏற்றிவிடும். ஆன்டிபயாடிக் இருக்கும், ஆனால் அது ரத்தத்தின் வழியாகப் போகிற மருந்து. நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை, மருந்து எப்படி உள்ளே போகும்? வீக்கம் வடியும், கிருமியின் வீடு அப்படியே இருக்கும். மற்றபடி உடல்நலமாக இருப்பவர்களுக்கு, உடனே பல் சிகிச்சை கிடைக்கிற நிலையில், பல்வலிக்கு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019 வழிகாட்டுதலில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் டாக்டரே எழுதித் தருவார்.

வலிக்கு பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். சாப்பிட்ட பிறகு இபுபுரூஃபன் நன்றாகக் கேட்கும், ஆனால் சிறுநீரகக் கோளாறு, குடல் புண், ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் அதைத் தாங்களாக எடுக்கக் கூடாது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சு நுனியில் ஒரு துளி தொட்டுக் குழிக்குள் வைத்தால் கொஞ்சம் மரக்கும். ஈறில் வழியவிட்டால் புண்ணாகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம்.

எருக்கம்பால் வேண்டவே வேண்டாம். "எங்க அப்புச்சி காலத்துல அதுதானுங்க வெச்சாங்க" என்பார்கள். வெந்துபோன ஈறையும் உதட்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். புகையிலையை அடக்கி வைப்பதும், ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் செருகுவதும், வீக்கத்தின் மேல் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பதும் அதே ரகம்.

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கிக் கழுத்துப் பக்கம் போகிறது, நாக்கு மேலே தூக்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை, மூச்சு திணறுகிறது, அல்லது கண்ணைச் சுற்றி வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது என்றால் பல் மருத்துவமனையில் டோக்கன் போட்டுக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டுக் கோவை, சேலம், பெருந்துறை மாதிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். தாடைக்கு அடியில் பரவும் அந்த வீக்கத்துக்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-லேயே எழுதிவைத்தது. மூச்சுக்குழலை அடைத்து ஆளைக் கொன்றுவிடும். அது தொடங்குவது பெரும்பாலும் ஒரு கீழ்க் கடவாய்ப்பல்லின் சொத்தையில்.

எங்கே போவது

பி.டி.எஸ் படித்த எந்தப் பல் டாக்டரும் வேர் சிகிச்சை செய்யலாம். இதற்கென்றே மூன்று வருடம் மேற்படிப்பு படித்த எம்.டி.எஸ் டாக்டர்களும் இருக்கிறார்கள். முன்பல் என்றால் யாரிடமும் போகலாம். வளைந்த வேருள்ள கடவாய்ப்பல், ஏற்கெனவே சிகிச்சை செய்து கெட்டுப்போன பல் என்றால் எம்.டி.எஸ் முடித்தவரைத் தேடிப் போவது நல்லது.

கையில் காசு குறைவு, நேரம் இருக்கிறது என்றால் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூரில் ஆர்.வி.எஸ், திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர், குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நடராஜா. மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், ஒவ்வொரு கட்டத்தையும் ஒருவர் வந்து சரிபார்ப்பார். நடை கூடுதலாகும். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி, அதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கே போனாலும், தொடங்கும் முன்பே மொத்தச் செலவைப் பிரித்துக் கேளுங்கள்: எக்ஸ்ரே, வேர் சிகிச்சை, மேலே அடைப்பது, கேப். "வேர் சிகிச்சை இவ்வளவு" என்ற ஒற்றைத் தொகையைக் கேட்டுவிட்டு வந்து, கேப்புக்குக் காசில்லாமல் பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம். "ரப்பர் டேம் போட்டுச் செய்வீங்களா?" என்றும் கேளுங்கள். அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

மாத்திரை டப்பா

சீட்டு தொலைந்திருக்கும், மருந்தின் பெயர் வாயில் நுழையாது. ஆகவே டப்பாவையே கொண்டு வந்துவிடுங்கள். மஞ்சப்பையில் கொட்டிக்கொண்டு வந்தாலும் சரி, நான் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து எழுதிக்கொள்வேன்.

சர்க்கரை உள்ளவர்கள் கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரி, அதாவது எச்.பி.ஏ.1.சி. ரிப்போர்ட்டைக் கொண்டு வாருங்கள். சர்க்கரை கூடினால் கிருமியோடு மல்லுக்கட்டும் சக்தி குறையும், வேர் நுனிப் புண் ஆற நாளாகும். கிருமி இருந்தால் சர்க்கரை அடங்காது. ஒன்றை ஒன்று இழுத்துவிடும். 2025-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், வேர் நுனியில் நோய்த்தொற்று இருந்த 65 பேருக்கு வேர் சிகிச்சை செய்து, இரண்டு வருடம் அவர்கள் ரத்தத்தைத் தொடர்ந்து சோதித்து வெளியிட்டார்கள். ரத்தச் சர்க்கரை இறங்கியிருந்தது. கொழுப்பு அளவுகளும் அழற்சியைக் காட்டும் குறிகளும் நல்ல பக்கம் திரும்பியிருந்தன. 65 பேர் என்பது சின்னக் கூட்டம். இதை வைத்து யாரும் சர்க்கரை மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. ஆனால் மாத்திரை கூட்டியும் சர்க்கரை இறங்காதவர் வாயைத் திறந்து ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது என்று சொல்ல இது போதும்.

இன்னொன்று, பயத்தில் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். மாத்திரையை மட்டும் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தால் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். காலைப் பலகாரம் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, முற்பகல் நேரம் கேட்டு வாங்கி வாருங்கள்.

இதய வால்வு மாற்றியவர்கள், முன்பு இதய உள்ளுறையில் கிருமித் தொற்று வந்தவர்கள், பிறவியிலேயே சில வகை இதயக் கோளாறு உள்ளவர்கள்: இவர்களுக்குச் சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஈறிலும் வேர் நுனியிலும் கைவைக்கும்போது கிருமி கொஞ்ச நேரம் ரத்தத்தில் கலக்கும், கெட்ட வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால். முன்பு இந்தப் பட்டியல் நீளமாக இருந்தது. அமெரிக்க இதயச் சங்கம் 2007-இல் அதைச் சுருக்கி, அதிக ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு பழுதானவர்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்கள் இதய டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கி வந்துவிட்டால் குழப்பமே இல்லை.

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அசிட்ரோம் என்று ஏதாவது எடுப்பார்கள். "பல்லுக்குப் போறோமே, ரத்தம் நிக்காம போயிருமோ" என்று தாங்களாகவே இரண்டு நாள் முன்பு நிறுத்திவிட்டு வருவார்கள். இது ஆபத்து, நிறுத்திய நாளில் இதயக் குழாய் அடைத்துக்கொள்ளலாம். வேர் சிகிச்சையில் பல் பிடுங்குவது போல ரத்தம் வராது. பல் பிடுங்கினால் ரத்தம் நிற்குமா என்று யோசிக்க வேண்டிய இவர்களுக்குத்தான் வேர் சிகிச்சை இன்னும் பொருத்தம்.

டப்பாவில் இல்லாதது ஒன்று உண்டு. எலும்புத் தேய்மானத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை போடும் சொலெட்ரோனிக் ஆசிட் ஊசி. போட்டு ஆறு மாதம் ஆனவர்களுக்கு ஞாபகமே இருக்காது. வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும் இதே வகைதான். இந்த மருந்து எடுத்தவர்களுக்குப் பல் பிடுங்கினால், சிலருக்குப் பிடுங்கிய குழி ஆறாமல் தாடை எலும்பே செத்துப்போகும். புற்றுநோய்க்குத் தலை, கழுத்தில் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும் அப்படித்தான். இவர்களுக்குப் பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றவே டாக்டர் முயல்வார். "ஊசி ஏதாச்சும் போட்டீங்களா" என்று யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கர்ப்பிணிப் பெண்களை மாமியார்கள் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள், "வயித்துல புள்ள இருக்கறப்போ பல்லுல கை வெக்கக் கூடாது" என்று. வைக்கலாம். மரக்கவைக்கும் லிக்னோகெய்ன் ஊசியும், ஈய அங்கி போட்டு எடுக்கும் எக்ஸ்ரேயும் பாதுகாப்பானவை. நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை உட்காரவும் படுக்கவும் வசதியான காலம். வயிறு பெரிதானவர்களுக்கு வலப்பக்க இடுப்புக்குக் கீழே தலையணை கொடுத்து இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைப்போம். சீழோடும் காய்ச்சலோடும் ஒன்பது மாதம் தள்ளுவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல்.

ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் போயிருந்தால், அவசரமில்லாத வேலையைத் தள்ளிவைத்து முதலில் பொது டாக்டரிடம் அனுப்புவோம். பெனிசிலின், ரப்பர் கையுறை ஒவ்வாமை இருந்தால் சொல்லுங்கள்.

நாற்காலியில்

முதலில் எக்ஸ்ரே. ஒரு பல்லுக்கு எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளில் இயல்பாகவே நம் மேல் படுவதை விடக் கூடுதல் இல்லை. வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தால் அங்கே எலும்பு கரைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் படத்தை உங்களுக்கும் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் மரத்துப்போகிற ஊசி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கொதித்துக்கொண்டிருக்கும் கீழ்க் கடவாய்ப்பல் சில சமயம் ஒரு ஊசிக்கு மரக்காது. அழற்சி உள்ள இடத்தில் மருந்து சரியாக வேலை செய்வதில்லை. உதடு மரத்தும் பல்லில் சுருக்கென்றால் இடது கையை உயர்த்துங்கள், டாக்டர் நிறுத்திவிட்டு இன்னொரு ஊசி போடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது வீரமில்லை. நீங்கள் அசைந்தால்தான் எங்களுக்குக் கஷ்டம்.

ரப்பர் டேம் என்பது கைக்குட்டை அளவு ரப்பர் விரிப்பு. நடுவில் ஓட்டை போட்டு, சிகிச்சை செய்யும் பல்லை மட்டும் வெளியே நீட்டிவைக்கும். நியூயார்க்கைச் சேர்ந்த பார்னம் என்ற பல் மருத்துவர் 1864-இல் கண்டுபிடித்தது. எச்சிலில் இருக்கும் கிருமி கால்வாய்க்குள் போகாது, கைதவறிக் கருவி விழுந்தாலும் தொண்டைக்குள் போகாது. முதலில் மூச்சு முட்டுவது போல இருக்கும். மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள், இரண்டு நிமிடத்தில் பழகிவிடும்.

பல்லின் மேலே ஓட்டை போட்டதும் சில பல்லிலிருந்து ஒரு நாற்றம் வரும். பல வருடம் அடைத்துக்கிடந்த செத்த சதையின் நாற்றம். வெட்கப்படாதீர்கள், எங்களுக்குப் பழக்கம். பிறகு ஃபைல் என்ற மெல்லிய ஊசி அரங்கள் வரும். ஊதாப்பிடி போட்டதன் நுனி 0.10 மில்லிமீட்டர், வெள்ளைப்பிடி 0.15, மஞ்சள் 0.20, சிவப்பு 0.25. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக் கால்வாயைத் தேய்த்து அகலப்படுத்துவார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி "பீப் பீப்" என்று கத்தும். ஃபைல் வேர் நுனியை நெருங்கியதைச் சொல்கிற கருவி அது. நடுவில் சோடியம் ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். திருப்பூர் பிளீச்சிங் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் வாய் கொப்பளித்ததும், "ஏனுங், இது நம்ம பட்டறை வாசமாச்சே" என்றார். அதே சரக்குதான். ஃபைல் புகாத சந்து பொந்திலெல்லாம் இந்தத் தண்ணீர் புகுந்து செத்த சதையைக் கரைக்கும், கிருமியைக் கொல்லும். சிகிச்சையின் பாதி வெற்றி இந்தக் கழுவலில் இருக்கிறது என்று எங்கள் டாக்டர் சொல்வார். இருபது நிமிடத்தில் முடித்து அனுப்பும் இடத்தில் இதற்கு நேரம் எங்கே இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

சீழ் இருந்தால் கால்வாய்க்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து மேலே தற்காலிகமாக அடைத்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். மூன்று தடவை வரச் சொல்வது இதற்காகத்தான். சீழ் இல்லாத பல் ஒரே நாளில் முடிவதும் உண்டு, அதில் குறையொன்றுமில்லை.

கடைசியில் சுத்தமாகக் காய்ந்த கால்வாயை குட்டாபெர்ச்சா என்ற இளஞ்சிவப்புக் குச்சிகளால் அடைப்பார்கள். மலேயா பக்கத்து மரமொன்றின் பாலிலிருந்து வருவது. கடலுக்கடியில் போட்ட பழைய தந்திக் கம்பிகளுக்கு மேலுறையாக இருந்ததும் இதுவே. தண்ணீர் புகாது, உடம்பு ஏற்றுக்கொள்ளும்.

வீட்டுக்குப் போன பிறகு

உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் சாப்பிடாதீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொள்வது தெரியாது. இரண்டு மூன்று நாள் அந்தப் பல்லில் கடித்தால் வலிக்கும், டாக்டர் எழுதித் தந்த மாத்திரைக்கு அடங்கும். நாளாக ஆக வலி கூடினாலோ, வீங்கினாலோ போன் பண்ணிவிட்டு வந்துவிடுங்கள். சந்தகையும் தேங்காய்ப்பாலும் இந்த நாட்களுக்கென்றே செய்த மாதிரி. அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய வைத்துக்கொள்ளலாம். தட்டுவடை, நிலக்கடலை, கரும்பு, கடலைமிட்டாய், பள்ளிபாளையம் சிக்கனில் கிடக்கும் தேங்காய்ச் சில்லு எல்லாம் கேப் போடும் வரை மறுபக்கத்தில்தான்.

கேப்பைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். உயிரில்லாத கடவாய்ப்பல், நடுவில் குடைந்த பல், மெல்லும் பாரம் தாங்காமல் பிளந்துவிடும். என் அம்மாவுக்கு, நான் இந்த வேலைக்கு வரும் முன்பு, ஊர்ப்பக்கம் ஓரிடத்தில் வேர் சிகிச்சை செய்தோம். நன்றாகவே செய்திருந்தார்கள். கேப் போட வரச் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கூடத் தரவில்லை. நாங்களும் மஞ்சள் வெட்டு முடியட்டும் என்று இருந்தோம். ஒரு மாலை வறுத்த கடலை சாப்பிடும்போது "டப்"பென்று சத்தம். பல் நடுவில் இரண்டாகப் பிளந்து, பிளவு வேர் வரைக்கும் போயிருந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. சிகிச்சைக்குக் கொடுத்த காசு, நடந்த நடை, பட்ட வலி எல்லாம் போச்சு. வேர் சிகிச்சை முடித்த ஒரு மாதத்துக்குள் கடவாய்ப்பல்லுக்குக் கேப் போட்டுவிடுங்கள். உலோகக் கேப் விலை குறைவு, உள்பக்கப் பல்லுக்கு அது போதும், உழைக்கும். பல் நிறத்தில் வேண்டுமானால் பீங்கானோ சிர்கோனியாவோ போட்டுக்கொள்ளலாம். முன்பல்லில் சொத்தை சின்னதாக இருந்தால் கேப் இல்லாமலும் விடுவது உண்டு.

காதில் விழும் பேச்சு

மேல் பல்லில் கைவைத்தால் கண் பார்வை போய்விடும் என்பது இல்லவே இல்லை. பார்வை நரம்பு வேறு, பல் நரம்பு வேறு. இதை நம்பிக்கொண்டு சீழை வளரவிட்டவர்களுக்குத்தான் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கிறது.

செல்போனில் சுற்றுகிற இன்னொன்று: வேர் சிகிச்சை செய்த பல் உடம்பில் நஞ்சைக் கசியவிட்டுப் புற்றுநோய், இதய நோய் கொண்டுவரும் என்பது. இதற்கு நூறு வருடக் கதை இருக்கிறது. 1910-இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, வாயில் ஒளிந்திருக்கும் கிருமியே பல நோய்களுக்குக் காரணம் என்றார். பிறகு அமெரிக்காவில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர், வேர் சிகிச்சை செய்த பற்களையே குற்றவாளியாக்கினார். மூட்டு வலி என்று போனவர்களுக்கெல்லாம் வாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். மூட்டு வலி போகவில்லை. முறையாக மறுபடி சோதித்தபோது பிரைஸின் சோதனைகள் நிற்கவில்லை, 1950-களுக்குள் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. வேர் நுனியில் சீழ் உள்ள பல் உடம்புக்குச் சுமை, அது சரி. சுத்தம் செய்து அடைத்த பல்லையும் அதோடு சேர்த்துவிட்டதுதான் தப்பு.

பிடுங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. வேர் வரை பிளந்த பல், எலும்பு கரைந்து ஆடுகிற பல், கேப் உட்கார அடிப்பகுதியே மிஞ்சாத பல்: இவற்றுக்கு வேர் சிகிச்சை வீண். சுமார் பத்துப் பல்லில் ஒன்பது நன்றாக ஆறும். மீதியில் கால்வாய் ஒன்று தவறியிருக்கும், அல்லது கேப் ஓரத்தில் எச்சில் கசிந்திருக்கும். சில சமயம் ஃபைல் உள்ளேயே உடைந்துவிடுவதும் உண்டு. உடைந்ததை டாக்டர் உங்களிடம் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட பல்லையும் திரும்பத் திறந்து செய்யலாம், ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டியும் சரிசெய்யலாம்.

ஒரு வருடம் கழித்து

வலி இல்லை, கேப்பும் போட்டாயிற்று என்றாலும் ஒரு வருடம் கழித்து ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வேர் நுனியிலிருந்த கறுப்பு வட்டம் சுருங்கியிருக்க வேண்டும். முழுவதும் மறைய சிலருக்கு நாலு வருடம்கூட ஆகும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கும் மெதுவாகத்தான் ஆறும். பழைய எக்ஸ்ரே இல்லாமல் வட்டம் சுருங்கியதா, வளர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முதல் நாள் எக்ஸ்ரேயையும் முடித்த நாள் எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கி, கவரின் மேல் தேதியும் எந்தப் பல் என்பதையும் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் எடுத்தது என்றால் அங்கேயே உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை சர்க்கரை டாக்டரிடம் போகும்போது அவரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.